கட்டிங் மாஸ்டரின் வெறுமைக் காலம்

பெரியோர் பலர் எழுதி நிறைத்த மொழியில், அலுவலகக் கடிதங்களுக்கு அப்பால் எதையும் எழுதிப் பழகாத ஒருவர் கதை சொல்லப் புகுவது அவையடக்கம் இல்லாத செயல் என்பதை அறிவேன். வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். இன்னொன்றையும் பணிவுடன் முன்கூட்டியே சொல்லிவிட விரும்புகிறேன். இக்கதையில் வரும் ஆய்வு மையத்தில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. அனைவரும் நன்கு படித்தவர்கள், நேரத்துக்கு வருபவர்கள், நோயாளியைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்பவர்கள். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கதையின் நடுவில் சொன்னால் நம்புவது கடினமாக இருக்கும்.

பெரிய தையற்கடை ஒன்றில் வெட்டுமேசைக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றே அழைத்தார்கள். துணியை அடுக்கடுக்காக விரித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கனத்த கத்தரியை ஒரே ஓட்டமாக ஓட்டிவிடுவார். கடையில் தைப்பவர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். வெட்டுவதற்கு அவர் ஒருவர்தான். அந்த மேசையின் மீது வேறு யாராவது தேநீர்க் குவளையை வைத்துவிட்டால் அன்று முழுவதும் அவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

அப்படிப்பட்டவருக்கு விரல் மூட்டுகளில் வீக்கம் வந்தது. காலையில் எழுந்தால் கை மடங்காது. இரண்டாவது தேநீருக்குப் பிறகுதான் விரல்கள் ஒவ்வொன்றாக வேலைக்குத் திரும்பும். மூட்டு மருத்துவரம்மா சோதித்துவிட்டு, "உங்க உடம்போட காவல் படை இருக்கே, அது உங்க மூட்டையே எதிரின்னு நினைச்சு அடிக்குது. அதை அடக்கி வைக்கத்தான் இந்த மாத்திரை. நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். மாத்திரை வீக்கத்தை இறக்கியது. ஆனால் மாத்திரை போடும் நாளில் வயிற்றைப் புரட்டும். மாஸ்டர் பிழிந்து போட்ட துணிபோலக் கிடப்பார்.

கடை முதலாளி ஒருநாள் மேசையருகே வந்து, அவர் கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"மாஸ்டர், ஸ்கூல் யூனிஃபார்ம் சீசன் வருது. நாலு ஸ்கூல் துணி. துணி வெட்டுற மெஷின் விக்கிறவன் வேற டெமோ காட்டுறேன், டெமோ காட்டுறேன்னு வாசல்லயே நிக்கிறான். நான்தான் எங்க மாஸ்டர் இருக்கார்னு சொல்லி அனுப்பிக்கிட்டு இருக்கேன். சீசனுக்குள்ள கை பழையபடி ஓடணும். ஓடும்ல?"

"ஓடும் முதலாளி" என்றார் மாஸ்டர். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, கை கொடுக்க முன்வந்தான். அவன் மூலிகை எதிர்ப்பாற்றல் ஆய்வு மையத்தில் லிஃப்ட் இயக்குபவன். லிஃப்ட்டில் ஏறி இறங்குபவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு, தானும் ஒரு விஞ்ஞானி என்ற முடிவுக்கு அவன் என்றோ வந்துவிட்டிருந்தான்.

"மாமா, எங்க மையத்துல சீந்தில் கொடியை வெச்சு வீக்கத்துக்கு மருந்து பண்றாங்க. மூட்டு நோயாளிங்க வேணும்னு ஆளைத் தேடிக்கிட்டு இருக்காங்க. இலவசம். வயித்தைப் புரட்டாது. எங்க இயக்குநர்கிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"உன் வார்த்தையைக் கேட்டு அவர் லிஃப்ட்டுல ஏறுவாரு. அதுக்கு மேல என்ன செய்வாரு?" என்றார் அவனுடைய அக்கா.

"நக்கல் பண்ணு, பண்ணு. மாமா கை சரியானதும் என்கிட்டதான் வந்து நிப்ப."

மையம் இரண்டு மாடிக் கட்டடம். முதல் மாடியில் எதிர்ப்பாற்றல் ஏற்றப் பிரிவு. இரண்டாம் மாடியில் எதிர்ப்பாற்றல் தணிப்புப் பிரிவு. ஒரே கொடியைத்தான் இரு பிரிவுகளும் ஆராய்ந்தன. கீழே இருப்பவர்கள் அது உடலின் எதிர்ப்பாற்றலை ஏற்றும் என்று நிறுவினார்கள். மேலே இருப்பவர்கள் அது இறக்கும் என்று நிறுவினார்கள். இரு தரப்பும் ஆண்டுதோறும் பரிசு பெற்றன. ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. இரு மாடிகளுக்கும் இடையே போக்குவரத்து வைத்திருந்த ஒரே மனிதன் மச்சினன்தான்.

ஏற்றப் பிரிவின் தலைவர் மாஸ்டரின் இரு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். மாஸ்டருக்குக் கண்ணில் நீர் வந்தது. அதைத் தலைவர் நன்றியாக எடுத்துக்கொண்டார்.

"சீந்தில்னா என்னன்னு நினைச்சீங்க? உடம்புக்குள்ள தூங்கிக்கிட்டு இருக்கிற ஒவ்வொரு சிப்பாயையும் தட்டி எழுப்பும். எழுந்திரு, ஆயுதத்தை எடு, அப்படின்னு."

மாஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. என் உடம்புல சிப்பாய்ங்க தூங்கவே இல்ல, அதான் வியாதின்னு டாக்டரம்மா சொன்னாங்க. இன்னும் எழுப்பிவிட்டா இன்னும் அடிக்குமே?"

தலைவர் விரலால் கூரையைக் காட்டினார். "அது மேல்மாடிக் கேள்வி" என்றார்.

மேல்மாடியில் தணிப்புப் பிரிவின் தலைவி மிக மெதுவாகப் பேசுபவர். அவர் அறையில் மின்விசிறிகூட ஓசையின்றிச் சுழன்றது.

"சீந்தில் தணிக்கும். கோபத்தைத் தணிக்கும், வீக்கத்தைத் தணிக்கும். உங்க படையை மெதுவா உக்கார வைக்கும்."

"கீழே எழுப்பும்னு சொன்னாங்களேம்மா."

"கீழே அப்படித்தான் சொல்லுவாங்க. பாவம், அவங்களுக்கு வேற வேலை இல்ல."

"ஒரே கொடி எப்படிம்மா எழுப்பவும் செய்யும், உக்கார வைக்கவும் செய்யும்?"

"நல்ல கேள்வி. போன வருஷம் இயக்குநர் அதுக்கு ஒரு தீர்வு கண்டுபிடிச்சார். சீராக்கும் அப்படின்னு ஒரு சொல். ஏற வேண்டிய இடத்துல ஏத்தும், இறங்க வேண்டிய இடத்துல இறக்கும்."

"எந்த இடம் எதுன்னு கொடிக்கு எப்படித் தெரியும்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் நிதி கேட்டிருக்கோம்" என்று தலைவி இன்னும் மெதுவாகச் சொன்னார்.

கடைசியாக இயக்குநர். வெள்ளைத் தாடி, வெள்ளை மேலங்கி, எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் மேடையில் நிற்பதுபோன்ற குரல். மாஸ்டர் தற்போது உட்கொள்ளும் மாத்திரைகளை அவர் வாங்கிப் பார்த்து, மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

"இதை நிறுத்தணும். ஒரு மருந்தோட வேலை இன்னொரு மருந்து மேல விழக்கூடாது. பாத்திரத்தைக் கழுவிட்டுத்தானே அடுத்ததை ஊத்துவோம்? இதுக்கு வெறுமைக் காலம்னு பேரு. உடம்பை வெறுமையாக்குற காலம்."

"எவ்வளவு நாள் சார்?"

"எங்க மருந்து தயாராகுற வரைக்கும்தான். கொடி எங்கயோ காட்டுல இல்ல. இதோ."

சன்னலுக்கு வெளியே வேப்பமரம் ஒன்று நின்றது. அதன் உடலே தெரியாதபடி சீந்தில் சுற்றிப் படர்ந்து, கிளைகளிலிருந்து பச்சைக் கயிறுகளாகத் தொங்கியது. மாஸ்டர் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெட்ட வேண்டும், காயவைக்க வேண்டும், இடிக்க வேண்டும். சீசனுக்கு இன்னும் காலம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்றார். மாஸ்டருக்கோ இனி வயிறு புரளாது என்ற நினைப்பே பாதி குணமாக இருந்தது. "அவங்க வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. எதுக்குக் கேட்டுக்கிட்டு?" என்று சொல்லிவிட்டார்.

வெறுமைக் காலம் இவ்வாறு தொடங்கியது.

முதலில், மரத்தில் இருப்பது சீந்தில்தானா என்று உறுதிசெய்ய வேண்டியிருந்தது. பார்த்தாலே தெரியும் என்று தோட்டக்காரர் சொன்னதாகவும், பார்த்துத் தெரிந்துகொள்வது அறிவியல் முறையன்று என்று அவருக்கு விளக்கப்பட்டதாகவும் மச்சினன் வந்து சொன்னான். உறுதிசெய்வதற்குக் கீழ்மாடி ஒரு குழு அமைத்தது. அதன் முடிவை ஏற்க இயலாது என்பதால் மேல்மாடியும் ஒரு குழு அமைத்தது. ஒவ்வொரு குழுவும் மாதிரிக்காகக் கொடியில் ஒரு பகுதியை வெட்டிச் சென்றது. இரு குழுக்களும் அது சீந்தில்தான் என்று ஒருமனதாக அறிவித்தன. இரண்டும் ஒரே முடிவுக்கு வந்தது ஐயத்துக்கு இடமளிப்பதாக இயக்குநர் கருதியதால், மூன்றாவது குழு அமைக்கப்பட்டது.

அடுத்து, உலர்த்துவது. ஏற்றப் பிரிவினர் வெயிலில் உலர்த்த வேண்டும் என்றார்கள், வீரியம் ஏறுமாம். தணிப்புப் பிரிவினர் நிழலில் உலர்த்த வேண்டும் என்றார்கள். வெயில் பட்டால் கொடிக்கே சூடு பிடித்துவிடுமாம். இயக்குநர் நடுநிலையாளர். முற்பகல் முழுவதும் மொட்டைமாடி வெயில், பிற்பகல் முழுவதும் நிலவறை நிழல் என்று தீர்ப்பளித்தார். மச்சினன் தட்டுகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். மேகம் வந்த நாட்களில் வெயிலாகக் கொள்வதா நிழலாகக் கொள்வதா என்று கேட்க, லிஃப்ட்டை நடுவில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பான். அப்படி ஒருமுறை காத்திருந்தபோது ஒரு தட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. பூஞ்சையை ஆராய யாரும் குழு அமைக்காதது தனக்கே வியப்பாக இருந்தது என்றான்.

இதற்கிடையில் மாஸ்டர் வாரந்தோறும் மையத்துக்குப் போய்வந்தார். அங்கே ஓர் இளம் ஆய்வாளர் அவரிடம் இரத்தம் எடுத்து வீக்கத்தின் அளவைப் பார்ப்பார். பிறகு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்லுவார். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவார்.

"அருமை சார். போன வாரத்தைவிட மோசம்."

"மோசமா?"

"ரொம்ப. கைப்பிடி அப்படியே நேர்கோடா இறங்குது. இவ்வளவு சுத்தமா நான் யார்கிட்டயும் பார்த்ததில்ல. மாத்திரை எதுவும் எடுக்கலைல்ல?"

"இல்ல தம்பி. மருந்துதான் எப்போன்னு..."

"வந்துடும் சார். நீங்க இதே மாதிரி வந்துக்கிட்டே இருங்க."

மாஸ்டர் பாராட்டுக்கு நன்றி சொல்லிவிட்டு வருவார். யாரேனும் பாராட்டினால் நன்றி சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்து தூள் இடித்தாகிவிட்டது என்று செய்தி வந்த அன்று மாஸ்டர் சவரம் செய்துகொண்டு புறப்பட்டார். அங்கே போனால், இன்னும் ஒரே ஒரு சிறு ஏற்பாடு பாக்கி என்றார்கள். பாதிப் பேருக்கு உண்மை மருந்தும் மீதிப் பேருக்குப் போலி மருந்தும் கொடுத்து ஒப்பிடுவது ஆய்வின் ஒழுங்கு. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியக்கூடாது. அது சரியான ஒழுங்குதான். சிக்கல் என்னவென்றால் சீந்தில் கசக்கும். போலி மருந்தும் அதே அளவு கசக்க வேண்டும். ஆனால் அதற்கு எந்தக் குணமும் இருக்கக்கூடாது. இதற்காகக் கசப்புச் சமநிலைக் குழு நிறுவப்பட்டது.

கசக்கும் பொருள் எதை எடுத்தாலும், குழுவில் யாராவது ஒருவர் எழுந்து, அது இன்ன நோய்க்கு நல்லது என்று பழைய ஏடுகளில் இருப்பதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வேப்பிலை போயிற்று. பாகற்காய் போயிற்று. நிலவேம்பைப் பற்றிப் பேச்செடுத்தவரையே வெளியே அனுப்பிவிட்டார்கள். களைத்துப்போன இயக்குநர், "கசக்கணும், ஒண்ணுக்கும் உதவக்கூடாது. அப்படி ஒண்ணு இந்த மையத்துக்குள்ளயே இல்லையா?" என்று கேட்டாராம். அவர் கேட்டது சேமிப்பு அறையைப் பற்றித்தான். ஆயினும் அறையில் இருந்த அனைவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கடைசியில் தொழிற்சாலையில் செய்த கசப்புப் பொடி ஒன்று கிடைத்தது. அது சீந்திலைப் போலவே கசக்கிறதா என்று குழுவினர் நாள்தோறும் இரு குவளைகளில் கரைத்துச் சுவைத்தார்கள். எந்தக் குவளையில் எது என்று அவர்களுக்கும் தெரியாது. சில வாரங்களில் கீழ்மாடித் தலைவருக்கு முழங்கால் வலி நின்றது. மேல்மாடித் தலைவிக்குத் தோள்பட்டை இளகியது. கணக்காளருக்கு நெடுநாள் மூக்கடைப்பு விலகியது. வலக்குவளை குடித்தவர்களும் நலமடைந்தார்கள். இடக்குவளை குடித்தவர்களும் நலமடைந்தார்கள். இயக்குநர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒரே அளவு குணம் தருது. ஆக, கசப்பு சமமாயிடுச்சு" என்று ஆய்வின் முதற்கட்டம் வெற்றி பெற்றதாக அறிவித்தார். அனைவரும் கைதட்டினார்கள். தூள் டப்பாவைத் திறந்து பார்த்தபோது அடியில் தேய்த்து எடுக்கக்கூட ஒன்றும் இல்லை.

சன்னலுக்கு வெளியே வேப்பமரம் தன் உடல் முழுவதையும் காட்டிக்கொண்டு நின்றது.

கடையில் சீருடைத் துணி வந்து இறங்கியது. மாஸ்டர் சுண்ணக்கட்டியை இரு விரல்களுக்கிடையே செருகிக்கொண்டு கோடு போட்டார். கத்தரியை இரு கைகளாலும் பிடித்து, மரம் அறுப்பவரைப்போல முன்னும் பின்னும் சாய்ந்து வெட்டினார். தைப்பவர்கள் பாராததுபோல் இருந்தார்கள். ஓர் அடுக்கின் நடுவே கத்தரி விலகி ஓடியது. ஒரு பள்ளியின் கால்சட்டைகள் அனைத்துக்கும் இடக்கால் குட்டையாகிப் போயிற்று.

முதலாளி ஒரு துண்டை எடுத்து மடித்துப் பார்த்தார். வேறொருவராக இருந்தால் கத்தியிருப்பார்.

"மாஸ்டர், கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கோங்க."

"முதலாளி, மருந்து வந்துடும். இந்த வாரம் இல்லன்னா அடுத்த வாரம்."

"வரட்டும். மருந்தும் வரட்டும், நீங்களும் வாங்க. அதுக்குள்ள அந்த மெஷின்காரன் சும்மா ஒரு டெமோ காட்டட்டும். சும்மாதான்."

வீட்டில் மனைவி அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தபோது மச்சினன் வந்து சேர்ந்தான். நேரம் சரியில்லாமல் வருவதில் அவன் கைதேர்ந்தவன்.

"வாடா விஞ்ஞானி. உங்க ஆபீஸ்ல வியாதியைக் குணப்படுத்துறாங்களா, இல்ல தொட்டியில வெச்சு வளர்க்குறாங்களா?"

"அக்கா, நான் லிஃப்ட்தான் ஓட்டுறேன்."

"அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னா போதும்னியே. போய்ச் சொல்லு அந்த வார்த்தையை. கல்யாணமான புதுசுல கூட நான் இவருக்குப் பட்டன் போட்டு விட்டதில்ல. இப்போ போட்டுக்கிட்டு இருக்கேன். அவர் எச்சில் கையைக் கழுவினா குழாயைத் திறக்க நான் போறேன். கொடியெல்லாம் எங்கடா போச்சு?"

மச்சினன் தரையைப் பார்த்தான். "குடிச்சுட்டாங்கக்கா."

"யாரு?"

"குழு."

அக்கா சிரித்துவிட்டார். பிறகு கணவரின் கையைப் பார்த்ததும், மீதிப் பொத்தான்களைப் போடாமலே உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மாஸ்டர் இயக்குநர் முன்னால் போய் நின்றார். வாழ்க்கையில் அவர் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"சார், மருந்து எப்போ சார் கிடைக்கும்? கை ரொம்ப முடியல. வீக்கம்னா என்னன்னே எனக்கு இன்னும் சரியா விளங்கல."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. கேள்வியின் முற்பகுதி அவர் காதில் விழவில்லை.

"உக்காருங்க. வீக்கம்னா என்ன? உடம்புக்கு ஒரு ஆபத்து வருது. காவல் படை கிளம்புது. நல்லதுதான். ஆனா ஆபத்து போன பிறகும் படை கலையாது. அங்கதான் கோளாறு. ஒரு ரத்த அணு இன்னொரு அணுவுக்குத் தகவல் அனுப்பும். தகவல் வாங்கினது சும்மா இருக்காது, அது மூணு பேரைக் கூப்பிடும். அந்த மூணு பேருக்கும் எதுக்கு வந்தோம்னு தெரியாது. ஆனா வந்தாச்சு, ஏதாவது செய்யணுமே. கூட்டம் சேருது, சூடு ஏறுது, இடம் வீங்குது. எதைக் காப்பாத்த வந்துச்சோ அந்த மூட்டையே கடைசியில அரிச்சுத் தின்னும். தின்னுட்டு, இன்னும் ஆள் வேணும்னு தகவல் அனுப்பும்."

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே கதவைத் தட்டிவிட்டு மூவர் உள்ளே வந்தார்கள். எதற்காக அழைக்கப்பட்டோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இயக்குநருக்கும் நினைவில்லை. வந்துவிட்டதால் அவர்களை ஒரு குழுவாக அமைத்து, பக்கத்து அறையில் உட்காரச் சொன்னார்.

"விளங்குச்சா?" என்றார் மாஸ்டரிடம்.

"விளங்குச்சு சார். மருந்து?"

"கொடி மறுபடி வளரணும். அதுவரைக்கும் நீங்க இப்படியே இருக்கணும். உங்க அருமை உங்களுக்குத் தெரியல. மருந்தே எடுக்காத ஒருத்தருக்கு என்ன ஆகும்னு இவ்வளவு தெளிவாக் காட்டினது நீங்கதான். நீங்கதான் எங்க ஒப்பீடு."

"வேற யாருக்காவது மருந்து குடுத்திருக்கீங்களா சார்? அவங்களோட ஒப்பிடவா?"

"இன்னும் குடுக்கல. குடுக்கும்போது ஒப்பிட ஆள் வேணுமே."

மாஸ்டர் எழுந்து, கும்பிட முயன்றார். விரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. அப்படியே படியிறங்கி, நேரே மூட்டு மருத்துவரம்மாவிடம் போனார். மனைவி அங்கே முன்பே வந்து காத்திருந்தார். கணவரின் மனம் கணவருக்கே தெரிவதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும்.

மருத்துவரம்மா திட்டுவார் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். அவர் ஒவ்வொரு விரலாகப் பிடித்து மெதுவாக நீட்டிப் பார்த்தார்.

"வயித்தைப் புரட்டினா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. அதுக்கு வழி இருக்கு. அளவை மாத்தலாம், வேற மாத்திரை குடுக்கலாம்."

"சீந்தில் நல்லதுன்னு..."

"நான் கெட்டதுன்னு சொல்லலையே. ஆராய்ச்சி பண்ணட்டும், பண்ண வேண்டியதுதான். அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிச்சவங்களும் இருக்காங்க, அதையும் சேர்த்துப் பார்க்கட்டும். ஆனா உங்களுக்கு நல்லதையும் குடுக்கல, கெட்டதையும் குடுக்கல. சும்மா உக்கார வெச்சு வேடிக்கை பார்த்திருக்காங்க."

"கை சரியாயிடுமாம்மா?" என்று மனைவி கேட்டார்.

"வீக்கம் இறங்கும். வலி குறையும். வளைஞ்சது நிமிராது."

மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கின. இத்தோடு மாஸ்டர் மையத்தின் பக்கமே போயிருக்க வேண்டியதில்லை. ஆனால், "நீங்க வராம நின்னுட்டா என்னைத்தான் பிடிப்பாங்க மாமா. ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று மச்சினன் கெஞ்சினான். மாஸ்டர் போனார். இளம் ஆய்வாளர் இரத்தம் எடுத்தார். ரப்பர் பந்தைக் கொடுத்தார். முடிவைப் பார்த்தவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

வீக்கத்தின் அளவு பாதியாகக் குறைந்திருந்தது.

செய்தி லிஃப்ட்டைவிட வேகமாக மாடியேறியது. கீழ்மாடித் தலைவர், தங்கள் பிரிவில் நோயாளி நீண்ட நேரம் அமர்ந்திருந்ததால் அவர் படை விழித்துக்கொண்டது என்றார். மேல்மாடித் தலைவி, அது உட்கார்ந்துவிட்டது என்றார். நோயாளி சீந்திலை உட்கொள்ளவே இல்லை என்று இளம் ஆய்வாளர் நினைவூட்டினார். மாஸ்டர் வாரந்தோறும் சன்னல் வழியாகக் கொடியைப் பார்த்திருக்கிறார் என்பதை இயக்குநர்தான் முதலில் கண்டறிந்தார்.

"பார்வை வழியாவே வேலை செய்யுது. உட்கொள்ளாமலே குணம். இதுவரைக்கும் யாருக்கும் தோணல. இதுக்கு மூணாவது மாடி கட்டணும்."

மேல்மாடியும் கீழ்மாடியும் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டன. மாஸ்டருக்கு அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் பொய்யின்மேல் மாடி கட்ட விடுவதும் முறையாகப் படவில்லை.

"சார், மன்னிக்கணும். டாக்டரம்மாகிட்ட போய்ப் பழைய மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சுட்டேன்."

இயக்குநர் மெல்ல உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அவர் முகத்தில் இருந்தது, பெற்ற பிள்ளை வீட்டைவிட்டு ஓடிப்போன தகப்பனின் துயரம்.

"உங்களை நம்பித்தானே இருந்தோம்."

"கை முடியல சார்."

"விதிப்படி உங்களை நீக்கணும். இன்னைக்கு எடுத்த அளவை மட்டும் இல்ல, இதுவரைக்கும் எடுத்த எல்லாத்தையும். ஒப்பீடு கறைபட்டுப் போச்சு. இனிமே நீங்க இந்த ஆய்வுல இருந்ததாவே ஆகாது."

"அப்போ என் கை சார்?"

"எந்தக் கை?"

மாஸ்டர் வலது கையை மேசைமீது வைத்துக் காட்டினார். இயக்குநர் அதை இரக்கத்தோடுதான் பார்த்தார். "ஆய்வுல இல்லாத கையைப் பத்தி மையம் கருத்துச் சொல்றது முறையா இருக்காது. மனசு கேக்கல. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கே" என்றார். எழுந்து நின்று வணக்கமும் சொன்னார்.

தையற்கடை முதலாளி நல்ல மனிதர். மாஸ்டரை வெளியே அனுப்பவில்லை. வாசலருகே வாடிக்கையாளர்களுக்கு அளவெடுக்கும் வேலையைக் கொடுத்தார். மாஸ்டர் இன்ச் டேப்பைப் பிடித்து அளவைச் சொல்லுவார். பக்கத்தில் ஒரு பெண் எழுதிக்கொள்வார். உள்ளே இயந்திரம் வெட்டுகிறது. நன்றாகத்தான் வெட்டுகிறது.

இழந்தவர்களும் அவரவர் இழந்தவையும் வருமாறு:

ஆய்வு மையம் தன் ஆண்டறிக்கையில் குறிப்பிட்டபடி, பங்கேற்பாளர் ஒருவர்.

வேப்பமரம், அதன்மேல் இருந்த கொடி.

மச்சினன், அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.

மாஸ்டர், வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் நிமிர்வது, கத்தரியின் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழைவது, தன் சட்டைக்குத் தானே பொத்தான் போடுவது, வெட்டுமேசை.